மறுமணத்துக்கு வரன் தேடித் தரும் ஒரு மாடி அறை: திருகோணமலை

மறுமணத்துக்கு வரன் தேட திருகோணமலையில் எங்கே போவது என்று என்னைக் கேட்டால், கடைத்தெருவில் ஒரு புடைவைக் கடைக்கு மேல்மாடியில் இயங்கும் திருமண சேவை நிலையத்தைத்தான் சொல்வேன். முதல் திருமணம் என்றால் அங்கே போக வேண்டிய கட்டாயமில்லை. சாதகம் பார்த்து, படம் காட்டி, வரன் சொல்ல இந்த நகரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஒரு குடும்பம் குலைந்த பிறகு இன்னொன்றைக் கட்ட நினைப்பவர்களுக்கு அங்கே ஒரு வேலை செய்கிறார்கள். அதை வேறு எங்கும் நான் காணவில்லை. ஆனால் அதே நிலையத்தின் விண்ணப்பப் படிவத்தில், இருக்கவே கூடாத ஒரு கேள்வியும் இருக்கிறது. இரண்டையும் எழுதுகிறேன். என் தங்கையின் விடயம் என்பதால் நிலையத்தின் பெயரைப் போடவில்லை.

தங்கைக்கு 36 வயது, அவளுடைய மகளுக்கு 9. பாலையூற்றில் அப்பா கட்டி, சீதனமாக அவள் பெயருக்கு எழுதிக்கொடுத்த வீட்டில் அம்மாவோடு இருக்கிறார்கள். நான் உவர்மலையில் மனைவியின் வீட்டில் இருக்கிறேன். கிழக்கில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வீடு பெண்ணுக்கு; ஆண்தான் அங்கே போய்ச் சேர வேண்டும். எங்களிடமும் அப்படித்தான், மூதூர், கிண்ணியாப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களிலும் அப்படித்தான். தங்கையின் திருமணம் முறிந்தபோது அவள் பெட்டி கட்டிக்கொண்டு எங்கேயும் போக நேரவில்லை. போனவர் அவர். பிள்ளையின் பாடசாலை மாறவில்லை, அவள் படுக்கிற அறைகூட மாறவில்லை. விவாகரத்தால் குடும்பங்கள் சீரழிகின்றன என்று பேசுபவர்கள், தலைக்கு மேலே தன் பெயரில் ஒரு கூரை இருக்கும் பெண்ணுக்கும் இல்லாத பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை முதலில் வந்து பார்க்க வேண்டும்.

எங்கள் அம்மாவின் காலத்தில் இப்படி ஓர் அலுவலகம் தேவைப்படவில்லை. மச்சான் முறையில் ஒருவர் இருப்பார். இல்லாவிட்டால் மாமா ஒருவர் பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவில் யாரையாவது கண்டு பேச்சுக்காலைத் தொடங்கிவிடுவார். 1950களில் இலங்கையில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஐந்து பிள்ளைகளுக்கு மேல். இன்று இரண்டளவுதான். ஐந்தும் ஆறும் பெற்ற அண்ணன் தங்கை குடும்பங்களுக்கிடையில் முறை மாப்பிள்ளைக்குப் பஞ்சம் வராது. இரண்டே பிள்ளைகள், அதில் ஒன்று கனடாவில், மற்றது லண்டனில் என்றால் முறைக்கு யார் இருக்கிறார்கள்? அதற்கு மேல் போர். சம்பூர் மக்கள் 2006 இல் ஊரை விட்டு ஓடியவர்கள், ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் கழித்துத்தான் திரும்பினார்கள். யாருடைய மகன், என்ன குணம், குடிப்பாரா, கடன் உண்டா என்பதெல்லாம் ஊர் ஒன்றாக இருந்தபோது கேட்காமலே தெரிந்திருந்தது. ஊர் சிதறிய பிறகு அதை விசாரித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. தரகர் என்றதும் முகம் சுளிப்பவர்களுடன் எனக்கு உடன்பாடில்லை.

இனி நிலையத்துக்கு வருகிறேன். படிகள் செங்குத்தானவை, முழங்கால் வருத்தம் உள்ள அம்மாமாரை அழைத்துக்கொண்டு போக முடியாது. ஒரே அறையைப் பலகையால் இரண்டாகத் தடுத்திருக்கிறார்கள். முன்பக்கம் உரிமையாளர் இருக்கிறார். முதல் திருமணக் கோப்புகள் அவர் பொறுப்பு. உள்ளே, மறுமணக் கோப்புகள் உள்ள அலுமாரிக்குப் பக்கத்தில், நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி இருக்கிறார். பதிவுக் கட்டணம் 5,000 ரூபா, ஓராண்டுக்குச் செல்லும், பற்றுச்சீட்டும் தருகிறார்கள். விடயம் சரிவந்தால் கொடுக்க வேண்டிய தொகையையும் அன்றைக்கே எழுதித் தந்துவிடுகிறார்கள். இது பெரிய விடயம். தரகர் சீதனத்தில் வீதம் வாங்கினால், சீதனம் ஏற ஏற அவருக்கும் இலாபம். பெண் வீட்டுக்காரர் மேல் பாரம் ஏற்றுவதில் அவரும் பங்காளியாகிவிடுகிறார். இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

படிவத்தின் முதல் தாளில் பெயர், நட்சத்திரம், இராசி, செவ்வாய் எந்த இடத்தில், சமயம், சாதி, தொழில், வருமானம் என்று எல்லோரும் எதிர்பார்ப்பவைதான் இருக்கின்றன. கடைசியில் இப்படி ஒரு வரி:

“விவாகரத்துப் பெற்றவராயின்: வழக்காளியா, எதிராளியா?”

தங்கை அந்த வரிக்கு வந்ததும் பேனாவை மேசையில் வைத்துவிட்டாள். நான் பிரதேச செயலகத்தில் முகாமைத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலைக் காலம் முழுதும் படிவங்களோடு கழித்தவன். ஒரு கட்டத்தில் எழுதும் ஒரு சொல், எழுதியவரை வாழ்நாள் முழுக்கத் துரத்தும் என்பது எனக்குத் தெரியும். இந்தக் கட்டம் அப்படிப்பட்டது.

இதற்குப் பின்னால் இருப்பது எங்கள் சட்டம். 1907 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் மூன்றே காரணங்களுக்குத்தான் விவாகரத்து வழங்குகிறது. திருமணத்தின் பின் வேறொருவருடன் உறவு, கெட்ட எண்ணத்துடன் கைவிட்டுச் செல்லுதல், திருமணத்தின்போதே இருந்த தீராத உடலுறவு இயலாமை. இவற்றில் ஒன்றை மாவட்ட நீதிமன்றத்தில் காட்டியாக வேண்டும். இருவருக்கும் ஒத்துவரவில்லை, மரியாதையாகப் பிரிந்துகொள்கிறோம் என்று இருவரும் சேர்ந்து போய் நிற்க வழியில்லை. ஒருவர் குற்றம் சாட்ட வேண்டும், மற்றவர் குற்றவாளியாக நிற்க வேண்டும். பிறகு முதல் தீர்ப்பு வந்து, மூன்று மாதமாவது கழிந்த பின்னரே அது அறுதித் தீர்ப்பாகும்.

தங்கையின் கணவருக்குக் கொழும்பில் வேலை. அவருக்கு அங்கேயே குடும்பத்தை அமைக்க விருப்பம். இவளுக்கு அம்மாவையும் வீட்டையும் விட்டுப் போக விருப்பமில்லை. வேறு குடும்பங்களில் நடக்கும் அடிதடி எதுவும் இவர்களிடம் இல்லை. வருடக்கணக்காக வந்து போய், பிறகு வருவதும் நின்றது. கடைசியில் அவர்தான் வழக்குப் போட்டார். மனைவி தன்னைக் கைவிட்டதாக. பிள்ளையின் முன்னால் இழுபட வேண்டாம் என்று இவள் எதிர்த்து வழக்காடவில்லை. பாலையூற்று வீட்டிலிருந்து ஓர் அடி எடுத்து வைக்காதவள், நீதிமன்றத் தாளில் கைவிட்டுச் சென்றவள் ஆனாள். இப்போது வரன் தேடும் படிவத்திலும் அவள் எதிராளி.

இந்த நாட்டிலேயே எல்லோருக்கும் இப்படியல்ல என்பதுதான் எனக்கு ஆறாத விடயம். கண்டிச் சிங்களவருக்கான 1952 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கக் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் மணந்த தம்பதியர், இருவரின் சம்மதத்தையே காரணமாகச் சொல்லி மாவட்டப் பதிவாளரிடம் பிரியலாம். முஸ்லிம்களுக்கு 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கச் சட்டமும் காதி நீதிமன்றமும் இருக்கின்றன. அந்தச் சட்டத்தில் பெண்களுக்குப் பாதகமானவை பல உண்டு, அவற்றைத் திருத்தக் கேட்டு முஸ்லிம் பெண்களே நெடுங்காலமாகப் போராடுகிறார்கள். ஆனாலும் இருவரும் மனமொத்துப் பிரியும் முபாரத் என்ற வழி அதில் இருக்கிறது. திருகோணமலையில் மூன்று சமூகமும் ஒரே சந்தையில் மீன் வாங்குகிறோம். பிரிய வேண்டி வந்தால் மட்டும் எங்களில் ஒருவர் குற்றவாளியாக வேண்டும்.

வெளிநாட்டு வரன்களின் கோப்பைப் பார்த்தபோது இன்னும் மனம் கொதித்தது. கனடாவில் ஓராண்டு பிரிந்து வாழ்ந்தாலே விவாகரத்துக்குப் போதும். இருவரும் சேர்ந்தே விண்ணப்பிக்கலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022 ஏப்ரல் 6 முதல் யார்மீதும் குற்றம் சொல்லாமலே பிரியலாம். ஆகவே அங்கிருந்து வரும் ஆண்கள் இந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிடுகிறார்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கோப்பையும் வைத்துப் பார்ப்பவர் என்ன நினைப்பார்? கோடு போட்டவர் சுத்தமானவர், எதிராளி என்று எழுதியவளிடம் ஏதோ இருக்கிறது என்றுதானே நினைப்பார்? அந்த ஆண் என்ன செய்துவிட்டுப் பிரிந்தார் என்பது அந்தக் கோட்டுக்குள் மறைந்துபோகிறது.

உரிமையாளரிடம் இதைக் கதைத்தேன். மரியாதையாகத்தான் பதில் சொன்னார். “நான் கேட்காவிட்டாலும் வருகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான், ஐயா. பத்திரிகை விளம்பரத்திலேயே குற்றமற்ற தரப்பு என்று போடுகிறார்கள்” என்றார். அது உண்மை. ஆனால் மக்கள் கேட்கிறார்கள் என்பதற்காக அதை அச்சடித்து முதல் தாளில் வைத்தால், கேட்கத் தோன்றாதவருக்கும் அது கேட்கக் கற்றுக்கொடுக்கும். நீண்ட பேச்சுக்குப் பிறகு, நடந்ததை மூன்று வரியில் எழுதி அந்தத் தாளோடு பொருத்தி வைக்க அனுமதித்தார். இப்போது கேட்பவர்களுக்கெல்லாம் அப்படி ஒரு தாளைப் பொருத்தி வைக்க இடம் கொடுக்கிறார்கள் என்று அறிந்தேன். கட்டத்தையே எடுத்துவிட வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. அதை இங்கே மீண்டும் வைக்கிறேன்.

இரண்டாம் தாள் வேறு உலகம். அது அச்சிடப்பட்டதல்ல; உள்ளறையில் இருக்கும் அந்தப் பெண்மணி தானே எழுதிப் பிரதி எடுத்தது. மறுமணக்காரருக்கு மட்டும் கொடுக்கிறார். நாங்கள் சாதகக் குறிப்பை நீட்டினோம். வாங்கிக் கோப்புக்குள் வைத்துவிட்டு, “அது பிறகு பார்க்கலாம் அண்ணா. பிள்ளை இப்போது எந்த அறையில் படுக்கிறாள்?” என்று தங்கையைப் பார்த்துக் கேட்டார்.

“என்னோடுதான்.”

“ஒருவர் வந்த பிறகு?”

தங்கை என்னைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் இதை யாரும் யோசித்திருக்கவில்லை. சொந்தக்காரர் எத்தனையோ பேர் வந்து அறிவுரை சொன்னார்கள். வயது போகிறது என்றார்கள், துணை வேண்டும் என்றார்கள், பெண் பிள்ளை இருக்கிறது கவனம் என்றார்கள். பிள்ளை எங்கே படுப்பாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அம்மம்மாவின் அறையில் இன்னொரு கட்டில் போடலாம், ஆனால் அதைக் கலியாணத்துக்கு முன்பே, இப்போதிருந்தே பழக்க வேண்டும், யாரோ வந்து தன் இடத்தைப் பிடித்தார் என்று பிள்ளை நினைக்கக் கூடாது என்று அந்தப் பெண்மணியே சொன்னார்.

தாளில் இருந்த மற்றக் கேள்விகளும் இந்த வகைதான். வீடு யார் பெயரில்? வருபவர் அங்கே வந்து இருப்பாரா, அவரைப் பெற்றவர்கள் எங்கே? அவருக்குப் பிள்ளைகள் இருந்தால் விடுமுறைக்கு எங்கே தங்குவார்கள்? தாபரிப்புப் பணம் ஒழுங்காக வருகிறதா? பிள்ளையின் அப்பா பார்க்க வரும்போது வீட்டுக்குள் வந்து உட்காருவாரா, வாசலோடு அழைத்துப் போவாரா? இன்னொரு பிள்ளை வேண்டுமா, இருவருக்கும் ஒரே எண்ணமா? ஒவ்வொன்றுக்கும் வாயால் சொன்னால் போதாது, எழுத வேண்டும். தாபரிப்பைப் பற்றித் தங்கைக்கு ஒரு பயம் இருந்தது, மறுமணம் செய்தால் பிள்ளைக்கு வரும் பணம் நின்றுவிடுமோ என்று. 1999 ஆம் ஆண்டின் தாபரிப்புச் சட்டப்படி தாய் மறுமணம் செய்வதால் பிள்ளைக்கான தந்தையின் கடமை தீராது. அந்தப் பெண்மணி இதைத் தெளிவாகச் சொல்லி, சந்தேகமென்றால் ஒரு சட்டத்தரணியையும் கேட்கச் சொன்னார்.

வெளிவாரிப் பட்டத்துக்குச் சமூகவியல் படித்த காலத்தில், அமெரிக்கச் சமூகவியலாளர் ஆண்ட்ரூ செர்லின் 1978 இல் எழுதிய கட்டுரை ஒன்றைப் பற்றி அறிந்தேன். மறுமணம் இன்னும் முழுமை பெறாத ஒரு நிறுவனம் என்பது அவருடைய வாதம். முதல் திருமணத்தில் யார் எங்கே நிற்க வேண்டும், யார் எதைக் கொடுக்க வேண்டும் என்பதற்கெல்லாம் வழக்கம் இருக்கிறது. மறுமணக் குடும்பத்தின் அன்றாடச் சிக்கல்களுக்கு ஆயத்தமான விடை இல்லை, அதனால்தான் அவை அதிகம் திணறுகின்றன என்றார். எங்கள் பக்கத்திலும் பொன்னுருக்கலில் இருந்து நாலாம் சடங்கு வரை முதல் திருமணத்துக்கு எல்லாம் வகுத்து வைத்திருக்கிறோம். இரண்டாவதற்கு விடியற்காலையில் கோயிலில் தாலி, பிறகு பதிவு, அவ்வளவுதான். அதற்குப் பிறகு வீட்டுக்குள் எப்படி வாழ்வது என்பதை ஒருவரும் சொல்வதில்லை. அந்த இடைவெளியில்தான் இந்தப் பெண்மணி தன் கையெழுத்துத் தாளோடு உட்கார்ந்திருக்கிறார்.

வீடு யார் பெயரில் என்ற கேள்வியை அவர் விடாப்பிடியாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்கில் வீடு கொடுத்தபோது, குடும்பத் தலைவர் என்ற கட்டத்தில் பெரும்பாலும் கணவனின் பெயரே எழுதப்பட்டது. தாய்வழியாகப் பெண்ணுக்கு வந்துகொண்டிருந்த வீடு, ஒரு பேனா முனையில் ஆணுக்குப் போனது. பிறகு குடும்பம் பிரிந்தபோது, பிறந்த ஊரிலேயே குடியிருக்க வீடில்லாமல் பிள்ளைகளோடு தாயின் வீட்டு விறாந்தைக்குத் திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். நாட்டில் நான்கு வீடுகளில் ஏறத்தாழ ஒன்றைப் பெண்ணே தலைமை தாங்கி நடத்துகிறாள். அவள் மறுமணம் செய்யும்போது அந்த வீட்டுக்கு என்ன நடக்கும் என்று கேட்பது பேராசை அல்ல. வீட்டு உறுதிப் பத்திரத்தை மாற்றி எழுதக் கேட்கும் வரன்களுக்கு இந்த நிலையத்தில் அடுத்த கோப்பைக் காட்டுவதில்லை. அதை அந்த அம்மா எங்கள் முன்னாலேயே ஒருவரிடம் சொல்லி அனுப்பியதைக் கேட்டேன்.

எங்களுக்குக் காட்டப்பட்டவர்களில் ஒருவர் மட்டக்களப்பைச் சேர்ந்தவர், மனைவியை இழந்தவர், இங்கே வேலை. அவர் நிரப்பிய இரண்டாம் தாளை வாசிக்கத் தந்தார்கள். “மகன் அம்மம்மாவோடு இருக்கிறான். விடுமுறைக்கு வருவான். அவனுக்கு ஒரு கட்டிலும் புத்தகம் வைக்க ஓர் இடமும் வேண்டும்” என்று எழுதியிருந்தார். வருமானம், தொழில் என்று முதல் தாளில் இருந்த எதுவும் தங்கையை அசைக்கவில்லை. இந்த மூன்று வரியை வாசித்த பிறகுதான் சந்திக்கச் சம்மதித்தாள். சந்திப்பை உள்ளறையிலேயே வைத்தார்கள். ஆரம்ப உபசாரம் முடிந்ததும் என்னையும் அவருடைய மச்சானையும் தேநீர் குடித்து வரச் சொல்லி அனுப்பிவிட்டார் அந்தப் பெண்மணி. இருவரும் தனியாகக் கதைக்கட்டும் என்பதுதான் நோக்கம். பேச்சு நடந்துகொண்டிருக்கிறது, முடிவு அவர்களுடையது.

ஒரு பெரிய குறை இருக்கிறது. பதிந்த சில நாட்களில் தங்கையும் பிள்ளையும் சேர்ந்திருக்கும் படம், எங்களைக் கேட்காமலே, வெளிநாட்டிலிருக்கும் ஒரு தரகருக்கு வாட்ஸ்அப்பில் போயிருந்தது. அங்கிருந்து சுற்றி எங்கள் உறவினர் ஒருவரின் தொலைபேசிக்கு வந்ததால்தான் எங்களுக்குத் தெரியவந்தது. ஒன்பது வயதுப் பிள்ளையின் முகம் முன்பின் தெரியாதவர்களின் கையில் இருக்கக் கூடாது. நான் போய்க் கேட்டபோது உரிமையாளர் மறுக்கவில்லை, மன்னிப்புக் கேட்டார். இப்போது இலக்கத்தை மட்டும் அனுப்பி, எதிர்த்தரப்பின் கோப்பு வந்த பிறகே படம் காட்டுகிறார்கள். அப்படியே தொடர்கிறார்களா என்று பதிபவர்கள் கேட்டு உறுதிப்படுத்துங்கள். பிள்ளையின் படத்தைக் கொடுக்கவே வேண்டாம். முதல் தாளில் பிள்ளைகளைப் ‘பொறுப்புகள்’ என்ற தலைப்பின் கீழ், கடனுக்கும் ஈட்டுக்கும் அடுத்த வரியில் கேட்கிறார்கள். அதையும் மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

போகிறவர்கள் அறுதித் தீர்ப்பின் பிரதியைக் கொண்டுபோங்கள். முதல் தீர்ப்பை மட்டும் காட்டினால் பதிய மாட்டார்கள், அதுவும் சரிதான். மூலப் பத்திரம் எதையும் கையளிக்கத் தேவையில்லை. உள்ளறைப் பெண்மணி காலையில் மட்டும்தான் இருக்கிறார், ஆகவே பின்னேரம் போனால் முதல் தாளோடு திரும்ப நேரிடும். அம்மாவையோ அப்பாவையோ கதைக்க வைக்க வேண்டுமென்றால், படியேற முடியாதவர்களுக்காக அவரே கீழே இறங்கி வந்து புடைவைக் கடை வாசலில் உட்கார்ந்து கதைப்பார். எங்கள் அம்மாவோடும் அங்கேதான் கதைத்தார்.